நாசூக்குக் கண்ணாடி

தரணிதரன் செய்த ஊஞ்சலை ஸ்பிரிங் வேலி என்ற குடியிருப்பு முழுவதும் பார்த்துப் பாராட்டி முடித்த பிறகுதான், ஒரே ஒரு ஆள் அதை நிஜமாகவே பார்த்தார். அது அவருடைய மனைவி இந்துஜா.

கண்புரை அறுவை முடிந்து கட்டவிழ்த்த அந்த வாரத்தில், கார் நிறுத்தும் இடத்தின் கோடியில் கணவர் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு அவர் மெதுவாக நடந்து வந்தார். புதுக் கண். எதைப் பார்த்தாலும் கழுவி வைத்த மாதிரி தெரிந்தது. ஊஞ்சலின் இரும்புச் சட்டத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"ஏனுங்க மாமா, இதென்னங்க இது? மூலைக்கு மூலை காக்கா எச்சம் போட்டு வெச்சாப்பல இருக்குது!"

தரணிதரன் கோபப்படவில்லை. கண் இன்னும் சரியாகவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

"வெயில்ல நிக்காத அம்மணி. டாக்டரு என்ன சொன்னாரு? போயிப் படு."

அப்போதெல்லாம் கோயம்புத்தூரில் கண்ணாடி போடாத முகத்தைப் பார்ப்பது அபூர்வம். பார்வைக் குறைவுக்காக யாரும் போடவில்லை, வசதிக்காகப் போட்டார்கள். நொய்யலில் நுரையைக் கண்ணாடி காட்டாது, தண்ணீரைக் காட்டும். சரவணம்பட்டிச் சாலையோரக் குப்பைமேட்டின் மீது அரளிச்செடி பூத்திருக்கும். இவற்றுக்கெல்லாம் பிறகு 'நாசூக்கு' என்றொரு வசதி வந்தது. ஒருவர் தான் செய்த பொருளை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படியே மற்றவர்கள் கண்ணாடியிலும் அது தெரியும். குழம்பு வைத்தவர் மனதில் இருக்கும் நிறம்தான் விருந்தாளியின் தட்டிலும் இருக்கும். குடும்பச் சண்டைகள் பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கண்ணாடிக் கம்பெனி விளம்பரம் செய்தது. அது பொய்யுமில்லை.

இந்துஜாவுக்கு மூன்று மாதம் கண்ணாடி போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

தரணிதரன் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பெல்ட்டில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் பத்தடி தள்ளி நின்றே கைதட்டி நிறுத்துவார். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டில் இந்துஜா மடித்த போர்வைகளைத் தரம் பார்க்க ஆரம்பித்தார். "ஏதாச்சும் கத்துக்கிட்டுப் போங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று இந்துஜா கும்பிட்டதன் பேரில்தான் குடியிருப்பின் உலோகக் கலை மன்றத்தில் சேர்ந்தார்.

மன்றத்தின் தலைவர் மகுடேஸ்வரன். ஒரு காலத்தில் பம்ப்செட் கம்பெனி நடத்தியவர். இப்போது குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே தலைவர். வாசலில் நிற்கும் இரும்பு மயில் அவர் வெல்டிங் செய்தது. அதைக் கடந்து போகிறவர்கள் ஒரு வார்த்தையாவது பாராட்டாமல் போக முடியாது.

மன்றத்தில் சேர்ந்ததும் வெல்டிங் செய்யும்போது போட ஒரு முகமூடி கொடுத்தார்கள். அதற்கு 'ஆசான்' என்று பெயர். பழைய காலத்துக் கறுப்புக் கண்ணாடிக்குப் பதிலாக உள்ளே ஒரு திரை. காதருகே ஒரு குரல். அந்தக் குரல் தேன் மாதிரி இருக்கும்.

"ஈயம் வைத்து ஒட்டினால் ஈயம் மட்டும் உருகும். பித்தளை வைத்து ஒட்டினால் பித்தளை மட்டும் உருகும். இரும்பு இரண்டும் அப்படியேதான் இருக்கும். வெல்டிங் அப்படியில்லை, தரணி. இரண்டு பக்கமும் உருகிக் கலந்து ஒன்றாக வேண்டும். நல்ல கல்யாணம் மாதிரி."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த இந்துஜா அதைக் கேட்டுவிட்டு, "நம்ம கல்யாணத்துல உருகுனது நான் மட்டுந்தானுங்க. நான் ஈயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள், உருக்கி ஒட்டுவதற்கான ராடு என்ற கம்பி இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் தகடு ஓட்டையானது. அடுத்த சில நாட்களில் திரைக்குள் ஓர் அதிசயம் நடந்தது. நெருப்புக் குமிழ் நகர்ந்த வழியில் மீன் செதில் அடுக்கினாற்போல வரி வரியாக உலோகம் படிந்தது. "அருமை தரணி! பிறவித் திறமை!" என்றது ஆசான். முகமூடியைக் கழற்றிக் கண்ணாடியைப் போட்டார், அதே செதில். மகுடேஸ்வரன் வந்து பார்த்தார். அவருக்கும் அதே செதில். ஒரே ஒரு தடவை கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தபோது கரடுமுரடாக ஏதோ இடறியது. ஆசானிடம் கேட்டார்.

"புதியவர்களுக்கு விரல் நுனி ஏமாற்றுவது இயல்பு" என்றது ஆசான். "கையுறையைக் கழற்ற வேண்டாம்."

அதன் பிறகு அவர் கழற்றவில்லை.

ஊஞ்சல் மன்றத்தின் ஆண்டு விழாவுக்காகச் செய்தது. பூங்கா நடுவே, மூன்று பேர் உட்காரலாம். தலைவர்தான் முதலில் ஆட வேண்டும் என்று ஏற்பாடு. விழாவன்று காலை இந்துஜா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மகுடேஸ்வரனிடம் போனார்.

"அண்ணா, அதுல உக்காராதீங்க. ஒட்டவே இல்லீங்க அது. சும்மா மேல இருக்குது."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இன்னொருவர் கைவேலையைக் கண்ணாடி இல்லாமல் பார்த்து அபிப்பிராயம் சொல்வது, குளியலறைக் கதவைத் தட்டாமல் திறப்பதைப் போல.

"இந்துஜாம்மா," என்றார் மகுடேஸ்வரன் இதமாக, "கண்ணு ஆபரேசன் பண்ணுனவங்க வெளிச்சத்துல அலையக் கூடாதுங்க. தரணி, ஊட்டுக்காரம்மாவக் கூட்டிட்டுப் போயி உக்கார வைங்."

தரணிதரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மானத்த வாங்காத அம்மணி" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார்.  இந்துஜா போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையோடு மகுடேஸ்வரன் ஊஞ்சலில் அமர்ந்தார். நாதஸ்வரப் பதிவைப் போட்டார்கள். மெல்ல ஒரு ஆட்டம். எல்லோரும் கைதட்ட, உற்சாகத்தில் காலால் உந்தி இன்னொரு ஆட்டம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சங்கிலி மாட்டியிருந்த கொக்கித் தகடு மொத்தமாகக் கழன்றது. தலைவர் மாலையோடு பின்பக்கமாகத் தரையில் இறங்கினார். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

எல்லோரும் ஓடினார்கள். மகுடேஸ்வரன் வலியில் முனகிக்கொண்டே, முகத்துக்கு நேரே கிடந்த தகட்டைப் பார்த்தார்.

"வெல்டிங்கு முத்து முத்தா இருக்குதே தரணி!" என்றார். "எப்படிய்யா விட்டுச்சு?"

சுற்றி நின்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். "ஆமாங்க, என்ன நேர்த்தி!" என்றார் ஒருவர். ஆம்புலன்சைக் கூப்பிடும் யோசனை யாருக்கும் வரவில்லை. இந்துஜாதான் கூப்பிட்டார்.

தரணிதரன் அந்தத் தகட்டைக் கையில் எடுத்தார். விரலில் சுருக்கென்றது. பார்த்தால் ஒன்றுமில்லை, விரல் சுத்தமாக இருந்தது. ஆனால் ஈரமாக இருந்தது. மணிக்கட்டு வரை ஈரம் வழிந்தது. இரத்தத்தைக் கண்ணாடி காட்டாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பல வருடங்களுக்குப் பிறகு, நாலு பேருக்கு மத்தியில், கண்ணாடியைக் கழற்றினார்.

தகட்டின் விளிம்பு, வெட்டி வந்த அன்று இருந்த மாதிரியே கூர் மழுங்காமல் இருந்தது. இரும்பு உருகவே இல்லை. ராடு மட்டும் உருகிச் சொட்டுச் சொட்டாக மேலே குந்தியிருந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தையலில் குறை கண்டுபிடித்தவர், தான் செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  இந்துஜாவைத் தேடினார். அவர் ஆம்புலன்சுக்கு வழிகாட்ட வாசலுக்குப் போயிருந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணாடி போடாமலே நடந்தார். வாசல் மயிலுக்குக் கழுத்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் சி பிளாக் மாடிப்படியின் கைப்பிடி, போன வருடம் மன்றம் செய்து கொடுத்தது, ஒவ்வொரு இணைப்பிலும் ஊஞ்சலைப் போலவே இருந்தது. கீழ்ப்படியில் ஒரு குழந்தை அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தது. தரணிதரன் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி இந்தப் பக்கம் விட்டார். குழந்தை வீறிட்டது. அதன் அம்மா அவரைப் பார்த்த பார்வையை அவர் அப்புறம் ரொம்ப நாள் மறக்கவில்லை.

செயற்குழுவைக் கூட்டச் சொன்னார். மகுடேஸ்வரன் மாவுக்கட்டோடும், உட்காருவதற்கு ஒரு காற்று வளையத்தோடும் வந்தார். கண்ணாடியும் முகமூடியும் செய்யும் கம்பெனியிலிருந்து ரித்விக் என்ற இளைஞரும் வந்திருந்தார். எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தார்.

"உங்க முகமூடி பொய் காட்டுதுங்க தம்பி" என்றார் தரணிதரன்.

"பொய்யில்லீங்க சார், ஊக்கம்" என்றார் ரித்விக். சிரிப்பு மாறவில்லை. "முன்னாடி எல்லாம் உள்ளதை உள்ளபடி காட்டுற முகமூடிதான் வித்தோம். ஒரு வாரத்துல எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்க. தான் செஞ்சதத் தானே பாக்கச் சகிக்கல. அதனால வரியக் கொஞ்சம் திருத்திக் காட்ட ஆரம்பிச்சோம். அப்புறம் ஒருத்தர்கூட விடல."

"அவரு விழுந்துட்டாருங்களே!"

"அதுக்கு வருத்தப்படறோம் சார். ஆனா பாருங்க, விழுந்ததுனால யாரும் இந்தப் பொழுதுபோக்க விட்டதில்ல. பாத்ததுனாலதான் விடறாங்க." மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினார். "நீங்க விடப் போறீங்களா சார்?"

"எதுக்குங்க விடறேன்?" என்றார் மகுடேஸ்வரன். "ஊஞ்சல் உடஞ்சுது, கெரகம். அதுக்கு வெல்டிங்கு என்ன பண்ணும்?"

"சி பிளாக் கைப்பிடி?" என்றார் தரணிதரன். "கண்ணாடியக் கழட்டிட்டு வந்து ஒருதரம் பாருங்க. உங்க மயிலையும்..."

"என்ற மயிலப் பத்திப் பேசாதீங்!" மாவுக்கட்டு மேசையில் மோதியது.  "நீங்க பண்ணுனது உடஞ்சு போச்சுன்னு அடுத்தவனுதெல்லாம் சொத்தைம்பீங்களா? நாசூக்குன்னு ஒண்ணு வேண்டாமா மனுசனுக்கு?"

கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க யாரும் தயாராக இல்லை. தரணிதரனை மன்றத்திலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டார்கள். போகும்போது ரித்விக் அவரைத் தனியே அழைத்து, தொடுகையையும் சரிசெய்யும் கையுறை ஒன்று அடுத்த மாதம் வரப்போவதாகச் சொன்னார்.

வீட்டில் இந்துஜா அரிசி களைந்துகொண்டிருந்தார். தரணிதரன் சமையலறை வாசலில் நின்றார்.

"நீ சொன்னது சரி அம்மணி. அன்னைக்கு உன்னையப் பேசுனது..."

"வெட்டுப்பட்ட கையில கட்டு மாத்துனீங்களா?" என்றார் இந்துஜா.

அவ்வளவுதான் சமாதானம்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் வெறும் கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி கிடைத்தது. அது பேசாது, பாராட்டாது. உள்ளே ஒரே இருட்டு, நடுவில் நெருப்பின் சின்னப் பொட்டு. அதை வைத்துக்கொண்டு தரணிதரன் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு துண்டை ஒட்டுவார். ஆறவிட்டு, மேலே படிந்த கரிய பொருக்கைத் தட்டி எடுப்பார். பிறகு வைஸ் என்னும் இரும்புப் பிடிப்பானில் இறுக்கி வைத்துச் சுத்தியால் உடைப்பார். உடைந்த இடத்தை இந்துஜாவிடம் நீட்டுவார்.

"என்ன சொல்ற?"

"பிஸ்கோத்து மாதிரி பொரிஞ்சு கெடக்குது."

மின்சாரத்தைக் கூட்டினார். கையை மெதுவாக்கினார். ராடு ஈரமென்று தெரிந்து வெயிலில் காயவைத்தார். வரி ஒருநாள் நேராக வரும். உடைத்துப் பார்த்தால் உள்ளே உருகியிருக்காது. ஒருநாள் உள்ளே உருகியிருக்கும். வெளியே பார்க்கச் சகிக்காது. ஒரு சாயங்காலம் முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஆசானே தேவல" என்று கத்தினார். இந்துஜா அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ரித்விக் சொன்னதில் பாதி உண்மை என்று தரணிதரனுக்கு அப்போது தெரிந்தது. பார்த்துக்கொண்டே செய்வது அவ்வளவு கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒருநாள் துண்டு உடையவில்லை. எவ்வளவு அடித்தும் இரும்பு வளைந்ததே தவிர, இணைப்பு விடவில்லை. அவர் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தார். "போதுங்க, பக்கத்து ஊட்டுல கேக்கறாங்க" என்று இந்துஜா வந்து சுத்தியைப் பிடுங்கினார். இருவரும் அந்தத் துண்டை மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

மறுநாளே சி பிளாக் கைப்பிடியில் வேலையை ஆரம்பித்தார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது. பட்டப்பகலில் பழைய ஒட்டுகளைக் கிரைண்டரால் அறுத்துத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒட்டினார். "இத்தன அழகா இருந்தத எதுக்குங்க கெடுக்கறீங்க?" என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். தான் அன்று தூக்கிவிட்ட குழந்தையின் அம்மாதான் அவள். முடித்த பிறகு வந்து பார்த்து, "பரவால்ல, முன்னாடி இருந்த மாதிரியே பண்ணிட்டீங்க" என்றாள். அவளுடைய கண்ணாடியில் இரண்டும் ஒன்றுதான். தரணிதரன் சிரித்து, தலையாட்டினார். குழந்தை கைப்பிடியில் தொங்கியது. அவர் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தச் சமயத்தில்தான் 'உண்மை முறை' வந்தது.

ஊஞ்சல் விழுந்த செய்தி எப்படியோ பரவி, கம்பெனிக்குக் கெட்ட பெயர் ஆகியிருந்தது. அவர்கள் சளைக்கவில்லை. கண்ணாடியில் புதிய வசதி ஒன்றை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதை அழுத்தினால் கைவேலைகள் எல்லாம் 'உள்ளபடி' தெரியும். துணிச்சலுள்ளவர்களுக்கு மட்டும் என்று விளம்பரம் வந்தது. ஒரே வாரத்தில் குடியிருப்பில் துணிச்சல் இல்லாதவர் ஒருவரும் இல்லை.

மகுடேஸ்வரன் மயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டார். "பாருங்க, எத்தன கேவலமா இருக்குது!" என்று பெருமையோடு காட்டினார். "எனக்கு ஒளிக்கத் தெரியாதுங்க." கைதட்டினார்கள். இன்னொருவர் தன்னுடைய பூந்தொட்டித் தாங்கி அதைவிடக் கேவலம் என்றார். தரணிதரனிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை மன்றத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். உண்மையை முதலில் சொன்னவர் என்று சால்வைகூடப் போர்த்தினார்கள்.  பரவாயில்லையே, மனிதர்கள் மாறத்தான் செய்கிறார்கள் என்று தரணிதரன் இந்துஜாவிடம் சொன்னார். அந்த உற்சாகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து புதிய ஊஞ்சல் ஒன்றைச் செய்து பூங்காவில் நிறுத்தினார்.

சங்கம் முழுவதும் வந்து பார்த்தது. மகுடேஸ்வரன் குனிந்து, கொக்கித் தகட்டை ரொம்ப நேரம் ஆராய்ந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இரக்கம் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க தரணி. உள்ளதச் சொல்றேன். மோசமுங்க. என்ற மயிலவிட மோசம். ஒரே கட்டி கட்டியா இருக்குது."

"எங்கீங்க? கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க."

"எதுக்குங்க கழட்டறது? உண்மை முறையிலதான பாக்கறேன்?"

தரணிதரன் அங்கேயே நின்று ரித்விக்குக்குப் போன் போட்டார். "தம்பி, இந்த உண்மை முறை இணைப்ப எப்படிங்க அளக்குது?"

"அளக்கறதா?" ரித்விக்குக்குக் கேள்வி புரியவில்லை. "இரும்புக்குள்ள என்ன இருக்குதுன்னு கேமராவுக்கு எப்படிங்க சார் தெரியும்? பொழுதுபோக்கா செய்றவங்க வேலை சராசரியா எப்படி இருக்குமோ, அந்தப் படத்த எடுத்து மேல போடறோம். ரொம்ப வரவேற்பு சார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வர்றதுனால யாருக்கும் மனசு கஷ்டமில்ல."

கூட்டம் கலைந்தது. சங்கம், ஊஞ்சலைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு கட்டி, ஆபத்து என்று பலகை மாட்டியது.

இந்துஜாவுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள மருத்துவர் அனுமதி கொடுத்த நாளும் அதுவேதான். சாயங்காலம் அவர் பூங்காவுக்கு வந்தபோது கண்ணாடி முகத்தில் இருந்தது. ஊஞ்சலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க" என்றார்.

"வெளிய நல்லா இருக்குது அம்மணி. உள்ள?" தரணிதரன் கொக்கித் தகட்டைப் பார்த்தபடியே நின்றார். "துண்டா இருந்தா ஒடச்சுப் பாத்துருவேன். இத ஒடைக்க முடியாதே. வெறுங்கண்ணுக்கும் உள்ள தெரியாதுங்கறப்ப, நானும் அவங்கள மாதிரி நம்பிக்கிட்டுத்தான நிக்கறேன்?"

இந்துஜா மஞ்சள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்து நுழைந்தார். ஊஞ்சலின் நடுவில் உட்கார்ந்தார். சங்கிலி ஒருமுறை முறுக்கி நேரானது. தரணிதரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எறங்குங்கம்மா!" என்று மகுடேஸ்வரன் தூரத்திலிருந்து கத்தினார்.

இந்துஜா கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? வந்து உக்காருங்க" என்றார். "ரண்டு பேரு பாரத்தையும் தாங்குதான்னு பாத்துருவோம்."